சுருட்டி வைத்த குடல்

பத்து வருஷத்துக்கும் மேலாக ஒரு கோர் ஃபெசிலிட்டியின் திசுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரைப்பை, குடல், கணையம், கல்லீரல் புற்றுநோய்களை ஆராயும் பல ஆய்வகங்களுக்கும் பொதுவான இடம். விலை உயர்ந்த கருவிகளை ஆளாளுக்கு வாங்க முடியாது, அதனால் பொதுவில் வைக்கிறார்கள் என்பார்கள். அது சரிதான், ஆனால் எனக்கு அது பாதிதான். அத்தனை ஆய்வகங்களின் தவறுகளும் எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேர்கின்றன, அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மீதிப் பாதி.

குடல் காத்திருக்காது. உயிர் போன சில நிமிடங்களிலேயே உள்பக்கச் சவ்வு தானாகவே சிதைய ஆரம்பித்துவிடும். திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினோ மெதுவாகத்தான் ஊறும். திறக்காமல், அலசாமல் அப்படியே பாட்டிலில் போட்ட குடல் வெளியே கெட்டியாகவும் உள்ளே கூழாகவும்தான் எங்களிடம் வரும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி எலிக் குடல்களைக் கொண்டு வந்தாள். ஏபிசி (APC) மரபணுவில் பிறழ்வு உள்ள, 'மின்' (Min) என்று பெயர் கொண்ட எலிகள். மனிதர்களுக்கு இந்த மரபணு பிறவியிலேயே கெட்டிருந்தால் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் கட்டிகள் வரும்; இந்த எலிகளுக்கோ பெரும்பாலும் சிறுகுடலில். ஆகவே கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதி ஆராய்ச்சி. அவள் குடலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓர் எலிக்கு ஒரு பாட்டில் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தாள். நாங்களும் வழக்கம்போல பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக்காக்கி, 5 மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றிக் கொடுத்தோம். ஸ்லைடில் பார்த்தால் ஒரு துண்டு குறுக்காக, ஒன்று சாய்வாக, ஒன்று மேல்தோலை உரித்த மாதிரி. சாய்வாக வெட்டினால் சாதாரணச் சுரப்பிகள்கூட ஆழமாக ஊடுருவியது போலத் தெரியும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

"அக்கா, வேற பக்கமா வெட்டிப் பார்க்க முடியாதா?" என்று கேட்டாள். முடியும், பிளாக்கை உருக்கித் திருப்பி வைக்கலாம், வைத்தோம். ஆனால் எந்தத் துண்டு குடலின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை எந்தக் கருவியும் திருப்பித் தராது. அந்த எலிகளை வளர்க்க அவளுக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. ஏனென்றால் அவளுடைய விண்ணப்பம் மூன்று வாரம் முன்பே எங்கள் கையில் இருந்தது. எத்தனை ஸ்லைடு, என்ன சாயம் என்று கேட்டிருந்தோமே தவிர, எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் மாதிரி எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் வந்து பேச வேண்டும் என்று வைத்துவிட்டோம். சிலர் முணுமுணுத்தார்கள், பரவாயில்லை. அடுத்த முறை அவள் வந்தபோது 'சுவிஸ் ரோல்' காட்டிக் கொடுத்தேன். குடலை வரிசை மாறாமல் ஒரே ஸ்லைடில் பார்க்க 1981-லேயே வெளிவந்த எளிய முறை. குடலை அலசி, நீளவாக்கில் திறந்து, உள்பக்கம் மேலே தெரியும்படி வடிதாளில் விரித்து, கடைசி முனையிலிருந்து ஒரு மெல்லிய குச்சியில் பாய் சுருட்டுவது போல நிதானமாகச் சுருட்ட வேண்டும். இழுத்தால் கிழியும், தளர்த்தினால் சுருள் கலையும். முதல் இரண்டை அவள் கிழித்தாள். மூன்றாவதில் கை பிடிபட்டுவிட்டது.

அதே வாரம் எங்கள் புள்ளியியல்காரரிடமும் அவளை உட்கார வைத்தேன். எட்டு எலிகளில் இருநூறு கட்டிகள் கிடைத்தாலும் ஒரே எலியின் கட்டிகளைத் தனித்தனியாக எண்ணக் கூடாது, கணக்குக்கு மாதிரி எட்டுதான், இருநூறு இல்லை என்று அவர் பொறுமையாகப் போட்டுக் காட்டினார். எலிகளின் எண்ணிக்கை அங்கேயே மாறியது. எல்லாம் முடிந்தபின் சொல்லியிருந்தால் அது வெறும் குறையாகத்தான் போயிருக்கும்.

புது ஸ்லைடு வந்த அன்று இருவரும் சேர்ந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். சுருளின் நடுவில் ஆரம்பித்து வளையம் வளையமாக வெளியே நகர்ந்தாள். மூன்றாவது வளையத்தில் நிறுத்தி, "இது இந்தப் பக்கம் இருந்துதானே ஆரம்பிக்குது?" என்றபடி காகிதத்தில் அந்த இடத்தைக் குறித்தாள்.