ஒரு பெட்டியைப் பின்தொடர்ந்து படித்த சுங்கத் தேர்வு

இறக்குமதி ஆவணத் தேர்வில் முதல் தடவை நான் தேறவில்லை. அத்தனைக்கும் ஆவணங்களின் பெயர்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பெயர்களை யாரும் கேட்கவில்லை. இன்வாய்ஸ் (விலைப்பட்டியல்), பேக்கிங் லிஸ்ட் (பெட்டிகளில் உள்ளவற்றின் பட்டியல்), பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றையும் தந்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முதல் இரண்டிலும் 120 பெட்டி, பில் ஆஃப் லேடிங்கில் 112. நானோ விதிகளுக்குள் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை படிக்கும் முறையையே மாற்றினேன். கற்பனையாக ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, விற்பவர் கிடங்கிலிருந்து வாங்குபவர் கைக்கு வரும்வரை அதன் கூடவே போனேன். சைக்கிள்கள், பாகம் பாகமாகக் கழற்றிப் பெட்டியில் வருகின்றன என்று வைத்துக்கொண்டேன்.

எச்.எஸ். குறியீட்டில், அதாவது பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண்ணில், உடனே சிக்கல். உதிரி பாகங்களுக்கு 8714, சைக்கிளுக்கு 8712. எது? வகைப்படுத்தலுக்கான ஆறு பொது விதிகளில் 2(அ)வைப் பார்த்தால், பொருத்தாமல் வரும் முழுப் பொருளும் அந்தப் பொருளாகவே கருதப்படும். ஆகவே 8712. விதியை மனப்பாடம் செய்தபோது ஏறாதது இந்தச் சைக்கிளோடு ஏறிவிட்டது.

அப்புறம் மதிப்பு. பொருள் 10,000, கப்பல் கட்டணம் 800, காப்பீடு 200, மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பு 11,000. சுங்கத் தீர்வை 10 சதவீதம் என்றால் 1,100. அதன்மேல் 15 சதவீத வரி கேட்டால், பல நாடுகளில் அதை 12,100க்குப் போட வேண்டும்: 1,815. தீர்வையைச் சேர்க்க மறந்து 1,650 என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். சில நாடுகள் எஃப்.ஓ.பி. மதிப்பில்தான் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேராத மதிப்பு) தீர்வை கணக்கிடும். கணக்கைத் தொடும் முன் கேள்வியில் அதைப் பாருங்கள்.

சி.ஐ.எஃப். நிபந்தனையில் விற்கும்போது இன்னொரு பொறியும் உண்டு. விற்பவர் சேருமிடத் துறைமுகம் வரை கட்டணம் கட்டுகிறார். ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே ஆபத்து, அதாவது சேதமானால் நஷ்டத்தைத் தாங்கும் பொறுப்பு, வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் நனைந்தால் யார் நஷ்டம் என்று கேட்பார்கள். பணம் கட்டியவரைக் கைகாட்டத்தான் மனம் சொல்லும்.

கடைசிக் கட்டத்தை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. சுங்கம் விடுவித்தால் பெட்டி வெளியே வந்துவிடும் என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் கப்பல் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டரும், அதாவது சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவும், வேண்டும். அசல் பில் ஆஃப் லேடிங் வழங்கப்பட்டிருந்தால், அதில் ஒன்றை ஒப்படைத்தால்தான் ஆர்டர் கிடைக்கும். வழக்கமாக மூன்று அசல்கள் இருக்கும். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்தாயிற்று என்றால் மற்ற இரண்டும் வெறும் காகிதம்.

இலவச நாட்கள் தாண்டியும் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். வெளியே கொண்டுபோன காலி கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் டிடென்ஷன் என்ற கட்டணம். இரண்டாவது தடவையும் இவற்றை மாற்றித்தான் எழுதினேன்; தாளைக் கொடுக்க ஐந்து நிமிடம் இருந்தபோது அடித்துத் திருத்தினேன்.