வேஸ்ட் துணியும் பாசி பிடித்த சாமியும்

கோவையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் சாக்கு நிறைய பனியன் வேஸ்ட் கிடக்கும். திருப்பூரில் வெட்டி மிஞ்சிய துணி. கிலோ கணக்கில் வாங்கி மெஷினைத் துடைப்போம், கையைத் துடைப்போம், டீ சிந்தினால் மேசையையும் துடைத்துத் தூக்கிப் போடுவோம். ஒசாகாவில் பயிற்சிக்குப் போன தொழிற்சாலையில் முதல் நாள் என் கையில் கொடுத்ததும் துணிதான். வெள்ளை வெளேரென்று, கைக்குட்டை அளவுக்கு வெட்டி, பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெயர் "உவெசு" என்றார்கள். ஏதோ பழைய ஜப்பானியச் சொல்லாக்கும் என்று நோட்டில் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார், 'வேஸ்ட்' என்கிற ஆங்கிலச் சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது என்று.

அது 2017 அக்டோபர். பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் எனக்குப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. மெஷின் ஓடினால் புரொடக்‌ஷன்காரர்களின் சாமர்த்தியம், நின்றால் மெயின்டனன்ஸ்காரன் தப்பு. இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன நேரத்தில், மூன்று வாரப் பயிற்சிக்கு என்னையும் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியையும் அனுப்பி வைத்தார்கள்.

விமானம் இறங்கியது கடலுக்கு நடுவில். கான்சாய் விமான நிலையம் கடலை மண்கொட்டித் தூர்த்து உண்டாக்கிய தீவின் மேல் 1994-இல் திறக்கப்பட்டது. அடியில் இருக்கும் களிமண் பாரம் தாங்காமல் அழுந்திக்கொண்டே இருப்பதால் தீவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டியவர்களுக்கு இது முன்கூட்டியே தெரியும். அதனால் முதல் முனையக் கட்டடத்தின் 900 தூண்களுக்கும் அடியில் ஜாக்கி வைக்க வழி விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால் அங்கே தூணைத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகிச் சமன் செய்வார்களாம். கட்டடத்தின் நீளம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர். எனக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் இதைச் சொன்னபோது என் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும். நம் ஊரில் பம்புக்கு ஃபவுண்டேஷன் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒருவர் தலையை இன்னொருவர் உருட்டுவோம். இங்கே இறங்கத்தான் போகிறது, தூக்கிவிட ஆள் இருக்கிறது என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டு விமான நிலையம் கட்டியிருக்கிறார்கள்.

ஊர் பெரியது. நகரத்துக்குள் மட்டும் 27 லட்சம் பேர். பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் கியோட்டோ, கோபேயையும் சேர்த்தால் ஏறத்தாழ 1.9 கோடி. உமேதா ஸ்டேஷனில் முதல் வாரம் முழுக்க வழி தவறினோம். வெளியே வரும் வாசல் தெரியாமல் பாதாளக் கடைவீதிகளில் அரைமணி நேரம் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்ற கதை இரண்டு முறை. எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம் நிற்பார்கள். இணையத்தில் டோக்கியோவைப் பற்றிப் படித்துவிட்டு வந்த தம்பி இடப்பக்கம் நின்றான். பின்னால் ஒரு நீள வரிசையே நின்றது. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அந்நியமாகத் தெரிந்த ஊர் ஒரே ஒரு பேச்சில் நெருங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகியிருந்த காலத்தில் ஒசாகாவைக் கிழக்கின் மான்செஸ்டர் என்பார்களாம். பெரிய நூற்பாலை ஒன்று 1883-இல் ஓட ஆரம்பித்ததிலிருந்து வந்த பெயர். எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள் என்று சொன்னேன். பெரியவர் எழுந்து வந்து கை கொடுத்தார். பார்க்கப்போனால் வியாபாரிகளின் ஊர்தான் அதுவும். தோஜிமா அரிசிச் சந்தையில் 1730-லேயே இன்னும் வராத அரிசிக்கு விலை பேசி முன்பேர வணிகம் நடந்திருக்கிறது. பழைய ஒசாகாக்காரர்கள் ஒருவரையொருவர் "மோகரிமக்கா?" என்று கேட்பார்களாம், லாபம் வருதா என்று. பதில், "போச்சி போச்சி தென்னா." எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படியே சொன்னால், "ஏதோ ஓடுதுங்க."

காலையில் எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் ரேடியோ உடற்பயிற்சி. 1928-இல் வானொலியில் தொடங்கியது. ஒரே பியானோ இசைக்கு முதலாளி முதல் துப்புரவுப் பணியாளர் வரை கையைக் காலை ஆட்டுகிறார்கள். அப்புறம் மீட்டர் பார்ப்பது. பிரஷர் கேஜ் முன்னால் நின்று, கையை நீட்டிச் சுட்டிக்காட்டி, அளவை உரக்கச் சொல்லி, "யோஷி!" என்று ஒரு சத்தம், 'சரி!' என்கிற மாதிரி. ரயில் ஓட்டுநர்களிடமிருந்து தொழிற்சாலைகளுக்கு வந்த பழக்கம் இது. ஊருக்குள் ரயிலில் போகும்போது டிரைவர் சிக்னலைக் கைகாட்டிப் பேசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறோம். வெறுமனே கண்ணால் பார்த்தால் மனசு வேறெங்கோ இருக்கும். கையும் வாயும் சேர்ந்தால் தப்பு குறையும். தம்பி என் காதில் சொன்னான், "அண்ணா, நம்மூர்ல மெஷின் முன்னாடி நின்னு இப்படிக் கத்துனா, சாமி வந்துருச்சுன்னு வேப்பிலை எடுத்தாந்துருவாங்க."

இரண்டாம் வாரம் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸைத் துடைக்கச் சொன்னார் பெரியவர். என் வயதுக்குக் கொஞ்சம் மூத்த மெஷின். பதினாறு வருட அனுபவம், சும்மாவா? பத்து நிமிடத்தில் பளபளவென்று ஆக்கிவிட்டு நின்றேன். அவர் மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. கையை நீட்டி நான் துடைத்த துணியைக் கேட்டு வாங்கினார். விரித்துப் பார்த்தார். ஒரு ஓரத்தில் புது எண்ணெய்க் கறை. இது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரே துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தவனுக்கு எப்படித் தெரியும்?

அவர் ஒரு புதுத் துணியை எட்டாக மடித்தார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு பைப் இணைப்பைத் துடைத்தார், துணியைப் பார்த்தார். அடுத்த மடிப்பைத் திருப்பினார், அடுத்த இணைப்பைத் துடைத்தார், பார்த்தார். ஐந்தாவது மடிப்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. இணைப்புக்கு அடிப்பக்கம் விரலை வைத்துக் காட்டினார். கசிவு. சொட்டக்கூட ஆரம்பிக்காத கசிவு. நான் அதைத் துடைத்து மறைத்துவிட்டு, மெஷின் சுத்தம் என்று பெருமையாக நின்றிருக்கிறேன். துணி ஏன் வெள்ளையாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. சுத்தம் செய்வதே சோதனை என்று டிபிஎம் என்கிற மெஷின் பராமரிப்பு முறையின் பாடத்தில் ஒரு வரி உண்டு. எங்கள் கம்பெனிச் சுவரிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆடிட் வரும் முந்தின நாள் அந்தச் சட்டத்தையும் சேர்த்துத்தான் துடைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கப் போனோம். ஒசாகாக் கோட்டையை ஹிதெயோஷி என்ற படைத்தலைவர் 1583-இல் கட்டத் தொடங்கினார். அகழியும், யானை அளவுக் கற்களை அடுக்கிய மதிலும் தாண்டி உள்ளே போனால், அண்ணாந்து பார்க்க வைக்கும் கோபுரத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. பழைய கோபுரம் 1615 போரில் எரிந்தது. அடுத்து எழுப்பியதை 1665-இல் இடி தாக்கிக் கொளுத்தியது. இப்போது நிற்பது ஊர்மக்கள் நன்கொடையில் 1931-இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தஞ்சாவூர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பழசு என்றால் கல்லே பழசாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து ஷித்தென்னோஜி. திசை காக்கும் நான்கு தேவர்களுக்காக இளவரசர் ஷோதோகு 593-இல் நிறுவிய புத்தர் கோயில். அந்த நால்வரில் ஒருவர் வைசிரவணன், அதாவது நம் குபேரன். இதுவும் பலமுறை எரிந்தது, கடைசியாக 1945 குண்டுவீச்சில். 1963-இல் திரும்பக் கட்டியது கான்கிரீட்டில். ஆனால் வாசல், அடுக்குக் கோபுரம், மூலக்கூடம், பிரசங்க மண்டபம் எல்லாம் ஆதியில் இருந்த அதே நேர்கோட்டில். இந்தக் கோயிலைக் கட்ட கொரியாவிலிருந்து வரவழைத்த தச்சர்களின் வழியில் வந்தது கொங்கோ குமி என்ற நிறுவனம். 578-இல் தொடங்கியது என்று கணக்கு. எரிந்தால் கட்டு, சரிந்தால் நிமிர்த்து, ஓடு உடைந்தால் மாற்று. ஆயிரத்து நானூறு வருடமாக அதே வேலை. அப்புறம் நிலவிலை கொழித்த காலத்தில் நிலத்தில் காசைப் போட்டுக் கடனில் மாட்டி, 2006-இல் வேறொரு கட்டுமானக் குழுமத்தின் கைக்குப் போனது. தச்சர்கள் இன்றும் வேலை பார்க்கிறார்கள்.

அந்தக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தபோது காலையில் கோட்டையைப் பார்த்து முகம் சுளித்தது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இங்கே பழசாக இருப்பது கட்டடம் இல்லை, பராமரிப்பு வேலை. என் வேலை! கட்டிய இளவரசர் பெயர் ஊருக்கே தெரியும், ஓடு மாற்றியவன் பெயர் அங்கேயும் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அவர்கள் செய்வதெல்லாம் சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. வேலை முடிந்தும் மேலதிகாரி எழுந்திருக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்தேன். பெரியவருக்கு அறுபத்தேழு வயது. ஐந்தாவது மடிப்பில் கசிவைக் கண்டுபிடிக்கும் அந்தக் கைக்கு அடுத்த ஆள் தயாராக இல்லை. பக்கத்து நகரமான ஹிகாஷி ஒசாகா நம் கோவையின் பீளமேடு, கணபதி பகுதிகள் மாதிரி சின்னச் சின்னப் பட்டறைகளின் ஊர். அந்தப் பட்டறைக்காரர்கள் கூடிச் செய்த மாய்தோ-1 என்ற செயற்கைக்கோள் 2009 ஜனவரியில் விண்ணுக்குப் போனது. ஆனால் அப்பன் வைத்த லேத்தைப் பிள்ளை தொடுவதில்லை, வாரிசில்லாமல் ஷட்டர் இறங்குகிறது என்று அவரே சொன்னார். அதைக் கேட்டுவிட்டு எனக்கு என் மகன் ஞாபகம் வந்தது. சென்னையில் ஐடியில் இருக்கிறான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரியவர் எங்களை நம்பாவுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். ராட்சத நண்டு பொம்மை காலாட்டும், விளக்கு விளம்பரங்கள் கண்ணைக் கூசும் தோதோம்போரியிலிருந்து ஒரு சந்து திரும்பினால் கல் பாவிய ஹோசென்ஜி சந்து. இரண்டு பேர் அகலமாக நடந்தால் மூன்றாமவர் ஒதுங்க வேண்டும். அங்கே ஒரு சின்னக் கோயில். சாமி முழுக்கப் பாசி. முகம், தோள், கை என்று எதுவும் தெரியாமல் ஒரு பச்சை உருவம். கும்பிட வருகிறவர்கள் தொட்டியிலிருந்து அகப்பையில் தண்ணீர் மொண்டு சாமி மேல் ஊற்றுகிறார்கள். ஊற்றி ஊற்றி வளர்ந்த பாசி. பெயர் ஃபுதோ, அசையாதவர் என்று பொருள். வடமொழியில் அசலர். அருணாசலத்தில் இருக்கும் அதே அசலம்.

நான் வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம். "மெஷினில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தால் விடமாட்டீர்கள், சாமியை மட்டும் இப்படி விட்டுவிட்டீர்களே?" என்று கேட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவர் கோபிக்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் ஊற்ற ஆள் வராவிட்டால் இந்தப் பச்சை வாட ஆரம்பிக்கும் என்றார். அகப்பையை என்னிடம் கொடுத்தார். அபிஷேகம் பார்த்துப் பழகிய கை, தானாகத் தலையிலிருந்து ஊற்றியது. தம்பி பின்னாலிருந்து, மெதுவாகத்தான், "யோஷி" என்றான். பெரியவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஊருக்கு வந்த மறுவாரம் ஸ்டோருக்குப் போய், கலர் வேஸ்ட் வேண்டாம், வெள்ளையாகக் கொடுங்கள் என்று கேட்டேன். வெள்ளை விலை கூட.

"வெள்ளை எதுக்குங்ணா? ஒரே துடைப்புல அழுக்காயிருமே."

"அழுக்காகறது தெரியணும்னுதான் கேக்கறேன்."

ஸ்டோர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.