எம்.காம். எந்தக் காலேஜில்?

ஆடிட்டர் ஆவதற்கு எழுதுகிற சி.ஏ. பரீட்சையின் விடைத்தாளில் காலேஜ் பெயர் எழுத இடமே கிடையாது. ரோல் நம்பர் மட்டும்தான். திருத்துகிறவருக்கு நீங்கள் லயோலாவா, பாளையங்கோட்டை சவேரியாரா, பேட்டை ம.தி.தா. இந்துக் கல்லூரியா எதுவும் தெரியாது. பேப்பருக்கு 40, சில பேப்பர்கள் சேர்ந்த குரூப்பில் மொத்தம் 50 சதவீதம். வந்தால் பாஸ்.

இதைத்தான் சமாதானபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஜிஎஸ்டி பில்லோடு மகளின் மார்க் ஷீட்டையும் கொண்டுவந்திருந்தார். பி.காமில் நல்ல மார்க். "மெட்ராஸ்ல பெரிய காலேஜ்ல எம்.காம். கிடைக்கும்போல இருக்கு. ஹாஸ்டலோட சேத்தா துட்டு நெறைய ஆவும். அந்தப் பேருக்குப் பொறவு மதிப்பு உண்டுமாம்மா?"

என் ஆடிட் ஆபீசுக்கு வேலை கேட்டு வருகிறவர்களிடம் மார்ச் மாதத்து பேங்க் ஸ்டேட்மெண்டையும் டேலி லெட்ஜரையும் (கம்ப்யூட்டர் கணக்குப் புத்தகம்) கொடுத்து ஒத்துப்பார்க்கச் சொல்வேன். 31ஆம் தேதி போட்ட செக் ஏப்ரலில் வரவாகியிருக்கும். பேங்க் பிடித்த சார்ஜ் நம் புத்தகத்தில் ஏறியிருக்காது. அதெல்லாம் போக 900 ரூபாய் இடிக்கும். ஒன்பதால் வகுபடுகிற வித்தியாசம் என்றாலே பழகின ஆள் இலக்கம் மாறி விழுந்த பதிவைத்தான் தேடுவார். 5,400 என்பது 4,500 ஆகியிருக்கும். சென்னையில் பேர்பெற்ற காலேஜில் எம்.காம். முடித்த பையன் ஒருவன் அந்த 900ஐ, காரணம் தெரியாத தொகையை ஒதுக்கி வைக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு எழுந்துவிட்டான். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்த பெண், காலேஜ் விட்டதும் அரிசி மில்லில் கணக்கு எழுதியவள், டீ ஆறுவதற்குள் பிடித்துவிட்டாள்.

ஆனால் அந்தப் பையன் இன்றைக்குப் பெரிய கம்பெனியில் இருக்கிறான். காலேஜ் சீனியர் ஒருவர் கைகாட்டி விட்டார். காலேஜ் பேருக்கு விலை உண்டு என்றால் இதுதான், முதல் கதவைத் திறந்துவிடும். கேம்பஸுக்கு வருகிற பெரிய கம்பெனிகள் எல்லாக் காலேஜுக்கும் வருவதில்லை. ஐ.ஐ.எம். எம்பிஏ என்றால் அது வேறு கதை, அங்கே பேர்தான் பாதி சம்பளம்.

எம்.காமுக்கு அப்படியில்லை. லெக்சரராகப் போக நெட் அல்லது செட் தகுதித் தேர்வு பாஸாக வேண்டும், எந்தக் காலேஜ் என்பது இரண்டாம்பட்சம். போதாததற்கு 2021இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சி.ஏ.வையே முதுகலைக்குச் சமம் என்று சொல்லிவிட்டது.

எங்கள் தொழிலில் கேட்கிற கேள்வி, "ஆர்ட்டிகிள்ஸ் யார்கிட்ட?" என்பதுதான். சி.ஏ. படிக்கிறவர் ஒரு ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய பயிற்சி அது. என்னைப்போன்ற சின்ன ஆபீசில் பீடிக் கம்பெனி, வாழைக்காய் மண்டி, கோயில் டிரஸ்ட் என்று எல்லாம் கைக்கு வரும், செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட் முதுகை ஒடிக்கும். ஆனால் பங்குச்சந்தையில் இருக்கிற லிஸ்டெட் கம்பெனி ஆடிட்டை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தேடினால் எங்கே கிடைக்கும்? அதற்காகச் சென்னை போவதில் அர்த்தம் உண்டு.

அண்ணாச்சி மகளுக்கு 55 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது, சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டருக்குப் பதியலாம். இரண்டு குரூப்பையும் ஊரில் இருந்தே முடிக்கட்டும். எம்.காம். ஆசை விடவில்லை என்றால், தபால்வழியில் படித்துக்கொள்ளலாம். ஹாஸ்டலுக்கு எடுத்து வைத்த துட்டை அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். புது முறையில் ஆர்ட்டிகிள்ஸ் இரண்டு வருஷம். சென்னையில் அதைச் செய்தால் கொடுக்கிற ஸ்டைபெண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) ரூம் வாடகைக்கே காணாது.