‘அவள்’ எங்கே ‘அவர்’ ஆனார்?

“அப்போ பரிசு வாங்கினதுக்கு அப்புறம்தான் மரியாதையா சார்?”

மதியம் மூன்று மணி இருக்கும். ஆறு மணிக்குள் ஃபைல் போக வேண்டும். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் நன்றாக நினைவிருக்கிறது. “கதை வளர்ற மாதிரி இருக்கும்மா, விடு” என்றேன். அவர் சரி என்று திரும்பிக்கொண்டார். எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண். நேரில் ‘நீ’ என்றுதான் பேசுவேன். இதை எழுதும்போது ‘அவர்’ என்றே எழுத நினைக்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் பற்றிய ஆவணப்படம் அது. சப்டைட்டில் என்னுடையது, சரிபார்ப்பு அவருடையது. முதல் சுற்றிலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நடிகர் கிளார்க் கேபிளுக்கு ‘அவர்’, தயாரிப்பாளர் செல்ஸ்னிக்குக்கு ‘அவர்’, ஆனால் படம் யாரைப் பற்றியதோ அந்த ஹாட்டிக்கு முழுக்க ‘அவள்’. ஏன்?

“வரியில இடம் பத்தாது” என்றேன். இருபது வருடப் பழக்கம் அது. சப்டைட்டிலில் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது இடம்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. ‘அவள்’ மூன்றெழுத்து, ‘அவர்’ மூன்றெழுத்து. வந்தாள், வந்தார். பாடினாள், பாடினார். ஓர் எழுத்துகூடக் கூடாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பெண்ணுக்கு ஒரே சொல். மகாராணியும் அதுதான், பாத்திரம் கழுவுகிறவரும் அதுதான். தமிழுக்கு வரும்போது மரியாதையை நாம்தான் போட வேண்டும், அல்லது போடாமல் விட வேண்டும். நடுவில் நிற்க வழியில்லை.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆஸ்கர் வாங்கும் காட்சிவரை ‘அவள்’, அங்கிருந்து ‘அவர்’. அப்போது அது மிக அழகான யோசனையாகத்தான் பட்டது. இப்போதும் அதில் நியாயம் இல்லை என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. படம் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குகிறது. கான்சாஸின் விச்சிட்டாவில், பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று சண்டை போட்டவர். டென்வரில் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண்ணைப் பற்றி ‘அவர் வகுப்பில் பாடினார்’ என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு ஒட்டாது. எங்கேயோ ஓர் இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. நான் ஆஸ்கரைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த இரவின் காட்சியை நானேதான் மொழிபெயர்த்தேன், அதுதான் உறுத்துகிறது. 1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசிடர் ஹோட்டலின் கோக்கனட் குரோவ் அரங்கு. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல் அது. செல்ஸ்னிக் தனியாகச் சொல்லி வைத்ததால்தான் ஹாட்டியால் நுழைய முடிந்தது. ஹாட்டி நடித்த ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் குழுவினர் ஒரு மேஜையில். ஹாட்டிக்கு மட்டும் கடைசிச் சுவரை ஒட்டி ஒரு சின்ன மேஜை. கூட வந்தவரும் ஏஜெண்டும் பக்கத்தில். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அந்த மேஜையிலிருந்து எழுந்து அரங்கு முழுக்கக் கடந்து மேடைக்கு வந்தார், பரிசோடு அதே மேஜைக்குத் திரும்பிப் போனார். துணை நடிகர்களுக்கு அப்போது சிலைகூடக் கிடையாது, ஒரு பட்டயம்தான். இரண்டு மாதம் முன்பு, 1939 டிசம்பரில், அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி நடந்தபோது அதற்கும் அவரால் போக முடியவில்லை. ஜார்ஜியாவின் இனப் பிரிவினை அப்படி.

பரிசு கொடுத்தவர்களே மரியாதை கொடுக்காத இடம் அது. அந்த இடத்தைத்தான் ‘இங்கிருந்து மரியாதை தொடங்கட்டும்’ என்று நான் குறித்தேன்.

நன்றி உரை ஒரு நிமிடம்தான். என் இனத்துக்கும் திரைத்துறைக்கும் என்றும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என்று மனதார நம்புகிறேன் என்கிறார். என் மனம் நிறைந்திருக்கிறது, என்ன உணர்கிறேன் என்று சொல்ல முடியவில்லை என்கிறார். குரல் தழுதழுக்கிறது, சொற்கள் தெளிவாக விழுகின்றன. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் அவர் பேசும் கொச்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கொச்சை ஒரு வேலை, கற்றுக்கொண்டு செய்த வேலை. அதைப் பார்த்துக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன்.

அதில் அவர் நடித்த வேலைக்காரியின் பெயர் ஆங்கிலத்தில் Mammy, அந்தப் பெயரிலும் ஒரு நாள் போனது. மாமி என்று எழுதினால் மடிசார் கட்டிய அம்மாள் நினைவுக்கு வருவார். மம்மி என்றால் அம்மா ஆகிவிடும். கடைசியில் மேமி என்று வைத்தேன். ஒரு பெயருக்கு அவ்வளவு யோசித்தவன்.

அன்று இரவு வீட்டில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழில் ‘அவள்’ என்பது இழிவில்லையே. அம்மாவைச் சொல்கிறோம். மாரியம்மனைச் சொல்கிறோம். ஆண்டாள் பாடினாள் என்கிறோம். நெருக்கத்தில் வருவது ‘அவள்’, தூரத்தில் நிறுத்துவது ‘அவர்’. ஹாட்டி மேல் எனக்கு அப்படி ஒரு நெருக்கம் வந்துவிட்டது, அதனால் அப்படி எழுதினேன். இதை ஏறக்குறைய நம்பியும்விட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி ஃபைலைத் திறந்து, அதே படத்தின் கதாநாயகி விவியன் லீ வரும் இடங்களைத் தேடினேன்.

விவியன் லீக்கு எல்லா இடத்திலும் ‘அவர்’. முதல் முறை பெயர் வரும்போதே ‘அவர்’.

அந்த ஆஸ்கர் இரவில் விவியன் லீக்கு வயது 26. ஹாட்டிக்கு 46. இருவருமே நடிகைகள், ஒரே படம். யோசித்துச் செய்யவில்லை என்பது உண்மை. யோசிக்காமல் செய்தது என்பதுதான் இன்னும் மோசம் என்று சில சமயம் தோன்றுகிறது. தலையில் கட்டிய துணி, இடுப்பில் ஏப்ரன். அந்தத் துண்டுக் காட்சியைத்தான் முதலில் பார்த்தேன், கை ‘அவள்’ என்று போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா என்னைவிட மூத்தவர். “அவ வந்துட்டாளா?” என்றுதான் நாங்கள் கேட்போம்.

வாரம் 7 டாலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட 700 டாலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்று ஹாட்டி சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. வால்டர் வைட் போன்ற கறுப்பினத் தலைவர்கள் அந்த வேடங்களுக்காக ஹாட்டியைக் கடுமையாக விமர்சித்த காலம். இதை வெறும் சாதுரியமான பதிலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, ஏனென்றால் அவர் இரண்டையும் செய்து பார்த்தவர். 1929 பங்குச் சந்தை சரிவுக்குப் பிறகு மில்வாக்கியில் ஒரு கிளப்பின் கழிப்பறையில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. பிறகு அதே கிளப்பில் மேடை ஏறிப் பாடினார். லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து ரேடியோவில் பேர் வாங்கிய பிறகும், அந்தச் சம்பளம் பத்தாமல் வீட்டு வேலைக்கும் போனார். இது எல்லாமே என் ஃபைலில் ‘அவள்’ பகுதியில் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் வாங்கிய வீடுகளைவிட்டுக் கறுப்பினத்தவரைக் கிளப்ப அண்டை வெள்ளையர்கள் வழக்குப் போட்டார்கள். ஹாட்டியும் மற்றவர்களும் எதிர்த்து நின்று 1945-இல் ஜெயித்தார்கள். அது ‘அவர்’ பகுதி. 1952-இல் இறந்தபோது, தான் கேட்டிருந்த ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை, அது வெள்ளையர்களுக்கு மட்டும். ‘அவர் விரும்பிய இடத்தில் அவரை அடக்கம் செய்ய அனுமதி மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். ஒரே வரியில் இரண்டு முறை மரியாதை. எந்தத் தடங்கலும் இல்லாமல் எழுதினேன்.

ஆறு மணிக்கு ஃபைல் போய்விட்டது. பத்து நாள் கழித்து நான்கு டைமிங் திருத்தங்களோடு திரும்பி வந்தது. முழுக்க மாற்ற அது ஒரு வாய்ப்பு. செய்திருக்கலாம். இத்தனை மாற்றம் ஏன் என்று கிளையண்ட் கேட்பார்கள், முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அது பொய்யான காரணம் இல்லை. போதுமான காரணமா என்று தெரியவில்லை. நான்கு திருத்தத்தையும் முடித்துவிட்டு, ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றினேன். மில்வாக்கி கழிப்பறை வரி.

மறுநாள் அவர் என் மேஜைக்கு வந்தார். “சார், பழைய பகுதியில ஒரு இடத்துல மட்டும் ‘அவர்’னு வந்திருக்கு. தப்பா விழுந்துடுச்சா, மாத்திடவா?”

“இல்லம்மா, அது அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். மற்ற வரிகளைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.