கல்லைக் குறை சொல்லி வரும் அழைப்புகள்

பனி உருகித் தரை தெரியத் தொடங்கும் வாரங்களில்தான் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் அதிகம். நடைபாதை ஓர் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மண் சரியாமல் பிடித்து நிற்கும் தாங்கு சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, படியும் முற்றமும் சேரும் இடத்தில் கால் தடுக்குகிறது என்று சொல்வார்கள். பெரும்பாலோர் குறை சொல்வது கல்லைத்தான். மலிவான கல்லைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். குளிர்ப் பகுதிகளில் கல் பாவும் வேலையில் பல ஆண்டுகள் இருந்த பழக்கத்தில், அங்கே போனதும் என் கண் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைத் தேடும். அது எங்கே முடிகிறது, புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்பது பள்ளிப் பாடம். நிலம் எழும்புவதற்கு அதுவே காரணம் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு அதற்கு ஒத்துவருவதில்லை. நன்றாக நனைந்த மண்ணில் இருக்கும் நீர் அப்படியே உறைந்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரலாம்; அதற்குமேல் வழியில்லை. அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எழும்பிய நடைபாதைகளை நாங்கள் பெயர்த்திருக்கிறோம். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனில் ஊறிய மண்ணை உறையவைத்துப் பார்த்தார். பென்சீன் உறையும்போது பருக்காது, சுருங்கும். அப்படியும் மண் மேலெழுந்தது. குளிர் மண்ணுக்குள் மெல்ல இறங்கும்போது, உறையும் மட்டத்தை நோக்கிக் கீழிருந்து நுண்துளைகள் வழியாக நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது; வந்த நீரெல்லாம் அங்கே பனித் தகடாகப் படிந்து தடிக்கிறது. நிலத்தைத் தூக்குவது அந்தத் தகடுதான்.

ஆகவே இதற்கு மூன்று சேர வேண்டும்: உறையவைக்கும் குளிர், நீரை மேலிழுக்கும் மண், இழுப்பதற்கு நீர். குளிர் எங்கள் கையில் இல்லை. (பாலிஸ்டைரீன் பலகையைப் புதைத்து அதைச் சற்றுத் தடுக்கலாம்; சாதாரண முற்றத்துக்கு அந்தச் செலவை யாரும் ஏற்பதில்லை.) எங்கள் உழைப்பெல்லாம் மற்ற இரண்டின் மீதுதான்.

மண்ணில் மிகவும் தொல்லை தருவது வண்டல். மணலிலும் சரளையிலும் துளைகள் பெரியவை, நீர் அவ்வளவாக ஏறாது. களிமண்ணுக்கு இழுக்கும் பலம் அதிகம், ஆனால் அதற்குள் நீர் நகரும் வேகம் குறைவு. வண்டலுக்கோ இழுப்பும் உண்டு, வேகமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்து மறுகையால் தட்டினால் மேற்பரப்பில் நீர் பளபளவென்று கசிந்து, அழுத்தினால் உள்ளே மறைந்துவிட்டால் அது வண்டல். உருட்டும்போது உடையாமல் மெல்லிய நூலாகத் திரிந்தால் களிமண்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் அறிவுரை, "குளிர்ப் பகுதியா, இன்னும் ஆழமாகத் தோண்டு" என்பது. நடைபாதைக்குக் குறைந்தது 100 மில்லிமீட்டர் ஜல்லித் தளம், உறைபனி உள்ள இடத்தில் மேலும் 50 முதல் 100 வரை என்பது பொதுவான வழக்கு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆழம் மட்டுமே காப்பாற்றும் என்பதைத்தான் நான் நம்புவதில்லை. களிமண்ணில் இரண்டு மடங்கு ஆழம் தோண்டி ஜல்லியை நிரப்பி, தண்ணீர் வெளியேற வழி விடாவிட்டால், நாம் கட்டியது கல் மூடி போட்ட ஒரு தொட்டி. இலையுதிர்கால மழையெல்லாம் அதில் தேங்கி, முதல் உறைபனிக்குத் தயாராக நிற்கும். மேல்தளத்துக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்திருக்கிறதா என்று வாடிக்கையாளர்கள் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். குழியின் அடித்தரைக்கும் அதே வாட்டம் வேண்டும், தாழ்ந்த மூலையிலிருந்து நீர் வெளியே போகக் குழாய் வேண்டும் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. மூன்று நாள் வேலையில் இரண்டு நாள் குழிக்குள்ளேயே போகிறதே என்ற முணுமுணுப்பு மட்டும் ஜன்னல் வழியாக வரும்.

குழியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பதைச் சிலர் வீண் என்கிறார்கள். வசந்தத்தில் சேறாகும் மண் ஜல்லிக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் துணிதான். வண்டல் கலந்துவிட்ட ஜல்லி, ஜல்லிக்குரிய குணத்தை இழந்துவிடும். ஜல்லியை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் கெட்டிப்படுத்த வேண்டும். வறண்ட ஜல்லி இறுகாது, சொதசொதவென்று நனைந்ததும் இறுகாது. உறைந்த மண்கட்டியை நிரப்பக் கூடவே கூடாது. அன்று பாறைபோல இருப்பது வசந்தத்தில் இளகி அமர்ந்துவிடும். மேலே இருக்கும் கல்லும் அதோடு போகும்.

கல்லுக்கு நேர் கீழே வரும் 25 மில்லிமீட்டர் மணலைப் பற்றி எங்கள் குழுவின் மூத்தவர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. அவர்கள் கிரஷர் தூளையே போடுவார்கள். சமன் செய்ய எளிது, மிதித்தால் குழியாது. ஆனால் அதிலுள்ள மாவு போன்ற துகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டலை வெளியேற்றப் பாடுபட்டுவிட்டு, கடைசி அடுக்கில் அதன் தம்பியை உள்ளே அழைப்பானேன்? கழுவிய பருமணல்தான் என் கட்சி. கல் அடுக்குவது, வெட்டுவது, இடைவெளியில் மணல் நிரப்புவதெல்லாம் பழகினால் கைக்கு வந்துவிடும்.

எல்லாப் பழியையும் பனியின் மேல் போடவும் முடியாது. வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டு வரிசைக் கல் மட்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. அஸ்திவாரம் கட்டியபோது தோண்டிய பள்ளத்தை இறுக்காமல் மண் தள்ளி மூடியிருப்பார்கள்; அது ஆண்டுக்கணக்கில் அமர்ந்துகொண்டிருக்கும். எதிர்மாறான புதிர் ஒன்றும் உண்டு: பக்கத்துப் புல்தரை அசையாமல் இருக்க, நடைபாதை மட்டும் எழும்பியிருக்கும். புல்லின் மேல் கிடக்கும் பனி அதற்குப் போர்வை. நடைபாதையை நாம் தினமும் சுரண்டிச் சுத்தம் செய்கிறோம். குளிர் அங்கே இன்னும் ஆழமாக இறங்குகிறது.

தாங்கு சுவரில் பனி மேல்நோக்கித் தூக்குவதோடு நிற்காது. சுவரின் முகப்பு வழியாகக் குளிர் கிடைமட்டமாக உள்ளே நுழைவதால், பனித் தகடுகள் சுவருக்கு இணையாக வளர்ந்து அதை வெளியே தள்ளும். இதனால் சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்காவது தூள் இல்லாத சுத்தமான ஜல்லியும், அடியில் துளையிட்ட குழாயும் வேண்டும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் பலத்தைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் அதிகம். வறண்ட சாதாரண நிரப்பு மண்ணின் பக்கவாட்டுத் தள்ளலோடு ஒப்பிட்டால், நீர் நிரம்பி நிற்கும்போது அது இரண்டு மடங்கைத் தாண்டும். குழாயைப் போட்டுவிட்டு அதன் முனையை மண்ணுக்குள்ளேயே விட்டுப்போன வேலைகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். சுவரைப் பின்னாலுள்ள மண்ணோடு பிணைக்கப் புதைக்கும் ஜியோகிரிட் வலையின் பலமான திசையைச் சுவருக்குக் குறுக்காக வைக்காமல், சுருளை விரிக்க வசதியென்று சுவரோடு நீளவாக்கில் உருட்டிவிட்ட வேலைகளையும்.

சாந்து இல்லாமல் அடுக்கும் கான்கிரீட் கட்டைகளாலான சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அதன் அடித்தளம் உறைபனி ஆழத்துக்குக் கீழே போகவேண்டியதில்லை. இறுகிய கான்கிரீட் சுவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு முறைகளையும் கலந்து, நெகிழும் ஜல்லித் தளத்தின் மேல் சாந்து பூசிய கல் பாவச் சொல்கிறவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். சில குளிர்காலங்களிலேயே பூச்சில் விரிசல் விழும்.

பனியை உருக்கத் தூவும் உப்பைப் பற்றி வேலை முடிந்த அன்றே சொல்லிவிடுவது என் வழக்கம். குளிர்ப் பகுதிக்கான கான்கிரீட்டில் வேண்டுமென்றே 5 முதல் 8 சதவீதம் நுண்ணிய காற்றுக் குமிழிகளை விடுகிறார்கள். உறையும் நீர் ஒதுங்க அவை இடம் தரும். அப்படிப்பட்ட கான்கிரீட்டையும் முதல் குளிர்காலத்தில் உப்பு உரித்துவிடலாம். அடர்ந்த உப்புநீரைவிட 3 சதவீதம் அளவிலான நீர்த்த கரைசலே மேற்பரப்பை அதிகம் செதிலாக்குகிறது; அதனால் கொஞ்சமாகத்தானே தூவினேன் என்பது சமாதானமாகாது. முதல் ஆண்டு வழுக்கலுக்கு மணல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, கூரைக் குழாயின் நுனியை முற்றத்தைத் தாண்டித் தாழ்ந்த பக்கமாக நீட்டி மாட்டிக் கொடுத்த பிறகே கருவிகளை வண்டியில் ஏற்றுகிறோம். ஒப்பந்தத்தில் அந்தக் குழாய் வேலை இருக்காது.