ஆயாவின் ‘கீது’வும் என் ஸ்பானிஷும்

ஸ்பானிஷை நான் தேடிப்போய் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது அதுதான்.

2021 ஆகஸ்டில் பி.டெக். இரண்டாம் ஆண்டுக்குப் பாடப் பதிவு திறந்தது. அயல்மொழி ஒன்று கட்டாயம் எடுக்க வேண்டும். தோழிகள் எல்லோரும் ஜெர்மன் என்று பேசிவைத்திருந்தோம். வேலூர் பக்கத்தில் விரிஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக நிற்பது மாடிப்படியின் ஏழாவது படியில். அங்கே உட்கார்ந்து பக்கம் சுற்றிச் சுற்றித் திறப்பதற்குள் ஜெர்மன் போச்சு, ஃப்ரெஞ்சு போச்சு, ஜப்பானிய மொழியும் போச்சு. ‘ஸ்பானிஷ், தொடக்கநிலை’ என்ற வரிக்கு எதிரே மட்டும் இடம் இருந்தது. அழுத்திவிட்டேன்.

வளாகம் அப்போது எங்களுக்குத் திறக்கவில்லை, எல்லாமே ஆன்லைன். ஸ்பானிஷ் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, மாலை ஆறு மணிக்கு. மூன்று சிறு தேர்வு, இரண்டு கட்டுரை, ஒரு வாய்மொழித் தேர்வு, கடைசியில் எழுத்துத் தேர்வு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவைக் காலை வகுப்புகளே தின்றுவிடும் என்பதால் சாயங்காலம் அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டினேன். யாராவது அம்மாவுக்குப் போன் போட்டால் வகுப்பு அறுந்துபோகும். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு ஆறு மணிக்குத்தான் அம்மா ஞாபகம் வரும்.

திண்ணையில் ஆயா, என் பாட்டி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார். முதல் வகுப்பில் வணக்கம் சொல்லப் பழகினோம். எழுத்தில் ‘ஹ’ இருந்தாலும் வாயில் வராது, ‘ஓலா’ என்றுதான் சொல்ல வேண்டும். பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். ஆயா எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி, அப்ப புட்ச்சி ஓலா ஓலான்னு கூவிக்கினே கீற? ஆட்டோ இன்னும் வர்லியா?”

முதல் மாதம் படுமோசம். ஆசிரியர் வட இந்தியாவிலிருந்து ஆங்கிலம் வழியாகப் பாடம் எடுத்தார். நானும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஸ்பானிஷுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று தொடங்குகிற பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யோ’ (நான்) போட்டேன். ஆசிரியர் எல்லா ‘யோ’வையும் சிவப்பில் சுழித்து அனுப்பினார். ‘ஆப்லோ’ என்றாலே பேசுகிறேன் என்று ஆகிவிடும். ‘ஆப்லாஸ்’ பேசுகிறாய், ‘ஆப்லாமோஸ்’ பேசுகிறோம். வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறேன், ஆனால் அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

முதல் கட்டுரை ‘என் குடும்பம்’. பயத்தில் மொழிபெயர்ப்பு ஆப் ஒன்றில் தமிழில் எழுதிப் போட்டு, வந்ததை அப்படியே அனுப்பினேன். பூஜ்யம் வந்தது. ‘உபியேரா’ என்று ஒரு சொல் அதில் இருந்திருக்கிறது. நடந்திருந்தால், செய்திருந்தால் என்ற இடத்தில் வருகிற வினை வடிவம், எங்கள் பாடத்திட்டத்தின் பக்கத்திலேயே இல்லாதது. “இதை நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று வகுப்புக்குச் சொல்லுங்கள்” என்றார். கேமரா ஆஃபில் இருந்ததால் தப்பித்தேன். அந்த ஆப்பில் இன்னொரு கோளாறும் உண்டு. நீங்கள், நீ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஸ்பானிஷில் ‘தூ’ நீ, ‘உஸ்தெத்’ நீங்கள், வினையும் மாறும். மரியாதையாக ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று போட்டால் ‘கோமோ எஸ்தாஸ்’ என்று ஒருமையில் தந்தது. இடையில் ஆங்கிலத்துக்குள் புகுந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் செய்ததையேதான் அதுவும் செய்திருக்கிறது.

அக்டோபர் தொடக்கத்தில் உடல்நலம் பற்றிய பாடம். ‘மே துவேலே லா கபேஸா’. ஆசிரியர் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்: ‘எனக்கு’, ‘வலிக்கிறது’, ‘தலை’. “தலைதான் இங்கே எழுவாய், இது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றும்” என்றார். வகுப்பில் யாரோ குழம்பிப்போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன். எனக்குத் தலை வலிக்கிறது. இதில் என்ன விசித்திரம்? நான் தலையை வலிக்கிறேன் என்றா சொல்கிறோம்? அடுத்து ‘மே குஸ்தா எல் கஃபே’: எனக்குக் காபி பிடிக்கும். ஆங்கிலத்தில் ‘நான்’ என்பவர் காபியை விரும்ப வேண்டும். இங்கே காபி எனக்கு எப்படியோ பிடித்துப்போகிறது. ஒரே ஒரு வேறுபாடு, பிடித்தவை பலவானால் வினையும் பன்மையாகும். மாம்பழங்கள் என்றால் ‘குஸ்தா’ போய் ‘குஸ்தான்’ வரும். நமக்கு ஒன்றானாலும் பத்தானாலும் ‘பிடிக்கும்’தான்.

அன்று ராத்திரி நோட்டின் நடுவில் கோடு போட்டு, ஆங்கிலம் எழுதியிருந்த பக்கத்தை எல்லாம் அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன்.

அடுத்த மலை ‘செர்’, ‘எஸ்தார்’. இரண்டுமே ‘இருப்பது’. எங்கே எதைப் போடுவது என்பதில்தான் எல்லோரும் விழுவார்கள். நிரந்தரம் என்றால் முதலாவது, தற்காலிகம் என்றால் இரண்டாவது என்று ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். அதை நம்பாதீர்கள். வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டிலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அது எங்கே இருக்கிறது என்பதற்கு ‘எஸ்தாரி’ன் வடிவமான ‘எஸ்தா’தான் வரும். செத்துப்போனவருக்கும் ‘எஸ்தா’தான். சாவை விட நிரந்தரம் என்ன இருக்கிறது?

எனக்கு வழி காட்டியது ஆயா. வடாற்காட்டுப் பேச்சில் ‘இருக்குது’ என்பது ‘கீது’ என்று சுருங்கிவிடும். ஆயா வாயில் நாளெல்லாம் அது விழுந்துகொண்டே இருக்கும். “தண்ணி கீதா”, “உங்கப்பன் எங்க கீறான்”, “மேலுக்கு முடியாம கீது”. அதே ஆயா, தான் யார் என்று சொல்லும்போது கீதுவைத் தொடுவதில்லை. “நான் இந்த ஊர்க்காரி”, “அவ என் பேத்தி”. தமிழில் அந்த இடத்தில் வினையே கிடையாது. ஸ்பானிஷ்காரர்கள் அந்த வெற்றிடத்தில் ‘செர்’ரை உட்கார வைக்கிறார்கள், கீது வருகிற இடத்தில் ‘எஸ்தார்’. நான் விரிஞ்சிபுரத்துக்காரி: ‘சோய் தே விரிஞ்சிபுரம்’. நான் விரிஞ்சிபுரத்தில் கீறேன்: ‘எஸ்தோய் என் விரிஞ்சிபுரம்’.

இதை வைத்தே இரண்டாவது சிறு தேர்வில் பதினைந்துக்குப் பன்னிரண்டு வாங்கினேன். முதல் தேர்வில் நான்கு. இரண்டாவதில் போன மூன்று மதிப்பெண்ணும் கீது என்னை ஏமாற்றிய இடங்கள். ‘அண்ணன் உயரமா கீறான்’ என்று நினைத்து ‘எஸ்தா’ போட்டேன், ‘செர்’ரின் ‘எஸ்’ வர வேண்டும். பிறகுதான் ஒட்டுப் போட்டேன்: கீதுவைக் கழற்றிப் பார், வாக்கியம் நின்றால் செர். ‘அண்ணன் உயரம்’ நிற்கிறது. ‘அண்ணன் கோவம்’ நிற்கவில்லை, அதனால் எஸ்தார். இன்னொன்று, நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்பதற்கு ‘செர்’ வரும். கல்யாணம் மண்டபத்தில் கீது என்று போட்டால் தப்பு. இதற்கு ஆயாவிடம் மருந்து இல்லை, மனப்பாடம்தான்.

பால் விஷயத்திலும் தமிழ் கைகொடுக்காது. நாற்காலி பெண், அலமாரி ஆண் என்றால் நம் இலக்கணத்துக்குச் சிரிப்புத்தான் வரும். அஃறிணைக்கு ஆணென்ன பெண்ணென்ன. வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினேன். மேசைக்கு ‘லா மேஸா’, அலமாரிக்கு ‘எல் ஆர்மாரியோ’, சாவி மாட்டும் ஆணிக்கு மேல் ‘லா யாவே’. ஒட்டும்போதுதான் கவனித்தேன், மூன்றுமே சொந்தக்காரச் சொற்கள். மேசை, அலமாரி, சாவி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுவிட்டுப் போனவை, போர்த்துகீசும் ஸ்பானிஷும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். எதிர்வீட்டு மேஸ்திரி தாத்தாவும் அப்படித்தான், அங்கே ‘மாயெஸ்த்ரோ’. அவரிடம் சொன்னேன். “அங்க கூலி எவ்ளோம்மா?” என்று கேட்டார்.

உச்சரிப்பில் எனக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்லிவிடலாம். ‘ஞ’ நம்மிடம் அப்படியே இருக்கிறது: ‘மஞானா’ நாளை, ‘எஸ்பாஞா’ ஸ்பெயின். நம் ‘த’தான் அவர்களுடைய ‘த’, ஆங்கிலம் போல ‘ட’ ஆக்க வேண்டியதில்லை. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ர்ரோ’ என்றால் நாய். அந்த உருட்டல் மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. தாத்தா ஏர் ஓட்டும்போது மாட்டை அதட்டுகிற சத்தத்தை நினைத்துக்கொண்டு மாடியில் நின்று பழகினேன்.

எழுத்தில்தான் மாட்டினேன். வயதைச் சொல்ல ‘ஆஞோஸ்’ என்று ஒரு சொல். அதில் ஞகர எழுத்தின் தலையில் நெளிகோடு வேண்டும். அவசரத்தில் கோடு போடாமல் ‘எனக்கு பத்தொன்பது ஆனோஸ்’ என்று எழுதி அனுப்பினேன். கோடு இல்லாவிட்டால் அது ஆசனவாய். பத்தொன்பது. ஆசிரியர் எதுவும் எழுதவில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். லேப்டாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 164 தட்டினால் அந்த எழுத்து வரும் என்பதை அதற்கப்புறம் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. நான் படிப்பது பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “பியெல்னா தோலும்மா, உனக்குத் தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. ஸ்பெயினுக்குப் போகிற பெட்டிகளில் பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகியிருக்கிறது. அகராதியில் தேடினேன். ‘பியெல்’ மனிதத் தோலுக்கும் அதேதான், செருப்புத் தோலுக்கும் அதேதான், நம்மைப் போலவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அங்கே அலிகாந்தே மாகாணத்தில் எல்சே, எல்தா என்று ஷூ தைக்கிற ஊர்கள் இருக்கின்றன, நம் ஆம்பூர், பேரணாம்பட்டு மாதிரி என்று படித்துக் காட்டினேன். அப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல், “அங்கயும் கெமிக்கல் நாத்தம் இருக்கும்” என்றார்.

நவம்பரில் உரையாடல் பயிற்சி, மெக்சிகோக்காரர் ஒருவரோடு. எங்களுக்கு இரவு ஏழரை என்றால் அவருக்குக் காலை எட்டு. நாங்கள் வரிசையாக ‘புவேனாஸ் நோச்சேஸ்’ சொல்ல, அவர் காபியை உறிஞ்சிக்கொண்டு ‘புவேனோஸ் தியாஸ்’ என்றார். திரையில் என் முகவரியில் இருந்த வேலூரை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு, “பெயோரே?” என்று கேட்டார். யார் ஊர் என்று முழித்தேன். அவர்களுக்கு இரட்டை ‘ல’ என்றால் ‘ய’, ‘வ’வும் ‘ப’ போல ஒலிக்கும். வேலூர் பெயோரே ஆகிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் பஸ் ஏறும்போது “பெயோரே போய்ட்டு வரேன்” என்றுதான் சொல்கிறேன்.

வாய்மொழித் தேர்வுக்கு ‘உன் ஊரை வர்ணி’ என்பது தலைப்பு. உண்டு, இல்லை என்று சொல்லப் பழக வேண்டும். உண்டு என்பதற்கு ஸ்பானிஷில் ‘ஐ’. நம் எழுத்து ஒன்றே போதும். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது வேலூரைக் கிண்டல் செய்கிற அந்தப் பழைய பேச்சு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறு. ‘ஐ உன் ஃபுவெர்தே, பெரோ நோ ஐ ரெய்.’ கோட்டை உண்டு, ராஜா இல்லை. ‘ஐ உன் ரீயோ, பெரோ நோ ஐ ஆக்வா.’ ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. பெண்களைப் பற்றியும் ஒரு வரி சேர்ப்பார்கள், அதை விட்டுவிட்டேன். கோயில் வரியையும் எடுத்துவிட்டேன். கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குத் திரும்பி வந்துவிட்டார். மனப்பாடம் செய்து ஆயாவிடம் ஒப்பித்தேன். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, “வேகமா பேசுற, மூச்சு உட்டுப் பேசு” என்றார்.

அப்புறம் மழை. நவம்பர் நடுவில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனது. எங்கள் ஊர்த் தரைப்பாலம் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆயா பீடி முறத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார். இரண்டு நாள் கரண்ட் விட்டு விட்டு வந்தது. மூன்றாம் நாள் எனக்கு வாய்மொழித் தேர்வு.

‘நோ ஐ ஆக்வா’ என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. பின்னால் ஜன்னல் வழியாக ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, எப்படிப் பொய் சொல்வது? இல்லாமல் இருந்தது என்பதற்கு ‘நோ அபீயா’ என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் எப்போதோ பார்த்த ஞாபகம். ‘ஆந்தெஸ் நோ அபீயா ஆக்வா’ என்றேன். முன்னே தண்ணீர் இல்லை. “இப்போது?” என்று ஆசிரியர் ஸ்பானிஷில் கேட்டார். “ஆஓரா ஐ முச்சோ ஆக்வா!” என்று கத்தினேன். “பாலம் எங்கே இருக்கிறது?” ‘தோந்தே எஸ்தா’ என்று அவரே கீதுவை எடுத்துக் கொடுத்தார். “எஸ்தா தெபாஹோ தெல் ஆக்வா.” தண்ணிக்கு அடியில கீது.

ஆசிரியர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சிரித்துக்கொண்டே, “முச்சா” என்று திருத்தினார். தண்ணீருக்கு முன்னால் ஆண்பால் ‘எல்’ வந்தாலும் ஆள் என்னவோ பெண்பால்தான், இதை மூன்று வகுப்பில் சொல்லியிருந்தார். வாய்மொழிக்கு இருபதுக்குப் பதினேழு வந்தது. போன மூன்றில் ஒன்று அந்த ஆக்வாவுக்குத்தான்.