வடிவு

படத்தைக் காட்டிய பாட்டியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நடந்தது இது. அவருடைய கலியாணப் படம். அடக்கமான சிரிப்பு, கையில் சின்னப் பூச்செண்டு. மனம் நிறைந்து 'ஹோம்லி' என்று சொல்லிவிட்டேன். கலியாண விளம்பரங்களில் நாங்கள் படித்து வளர்ந்த சொல் அல்லவா, குடும்பப் பாங்கான பெண் என்று! இங்கிலாந்திலும் அது வீட்டைப் போல இதமானது என்றுதான் வரும். வட அமெரிக்காவிலோ அழகில்லாதவர் என்று பொருள். கூட வேலை செய்யும் அக்கா காதோடு சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. பாட்டியின் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துத்தான் பேசினேன். 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'தின்' வெறும் தகவல், 'ஸ்கின்னி' பலருக்குச் சுடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் உடுப்பு மடிப்புக் கலையாமல் வந்தால் 'ஸ்மார்ட்'. இங்கே அநேகமாக மூளைக்காரருக்குத்தான் அந்தப் பெயர். 'ஃபேர்' என்றால் நாங்கள் தோலைப் பார்ப்போம், இவர்கள் பொன்னிற முடியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வயதான பெண்ணை 'ஹான்ட்சம்' என்றால் கம்பீரமான அழகு. 'பிரிட்டி' என்றால் மென்மையான அழகு.

சரி, எட்டு வருடமாகிவிட்டது, எல்லாம் பழகிவிட்டது. ஆனால் திருகோணமலையில் அம்மம்மாவிடம் அழகுக்கு இருந்தது ஒரே சொல், வடிவு. கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது வழியில் மேயும் மானும் வடிவு, கீழே பாறையில் மோதும் கடலும் வடிவு, எதிரே வரும் கிழவியும் வடிவு. யாருக்கும் அது நோகாது. படிகளில் நின்று "வடிவாப் பார்த்துக் கால் வை" என்பார். அங்கே வடிவு என்றால் கவனம்.

போன ஆடியில் ஊருக்குப் போனேன். மீன் சந்தையில், சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்த அக்கா பார்த்ததும் கேட்டார்: "என்ன பிள்ளை, மெலிஞ்சு கறுத்துப் போனாய்?"

இதை ஆங்கிலத்தில் யாராவது கேட்டிருந்தால் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டேன். அங்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு கவனமாக என்னைப் பார்த்திருக்கிறாரே! அவர் ஒரு விளைமீனைத் தூக்கிப் பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

"கொண்டுபோய் வடிவாச் சமைச்சுச் சாப்பிடு" என்றார்.